மணிகளின் நாவைக் கட்டியவன்: காரோட்டும் இன்பம் குறித்து ஓர் எதிர்வினை

சென்ற மாதம் கடலூரில் ஒரு நூல் அறிமுகக் கூட்டம். அது முடிந்ததும் வழக்கம்போல் தேநீர்க்கடை வாசலில் இன்னொரு கூட்டம் கூடிற்று. (இலக்கியம் பேசப்படுவது இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் என்பது நம்மவர் அனைவரும் அறிந்ததே.) அங்கே நிறுத்தியிருந்த என் காரை ஒருமுறை சுற்றிவந்து பார்த்த கவிஞர் நண்பர், "தமிழ் வாத்தியாருக்கு எதுக்கய்யா ரேஸ் வண்டி ஆசை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவரோடு வந்திருந்த விமர்சகர் மட்டும் சிரிக்கவில்லை. வேகம் என்பது நுகர்வுப் பண்பாட்டின் போதை என்றும், எழுத்தோடு உறவுடைய ஒருவன் ஓர் இயந்திரத்தை ஓட்டுவதில் இன்பம் காண்பானென்றால் அவன் இதுவரை வாசித்ததன் மீதே ஐயம் எழுகிறது என்றும் கூறினார். மறுநாள் காலை எனக்கு முதல் வகுப்பு. விடை சொல்ல நேரமின்றி விருத்தாசலம் திரும்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

முதலில் குற்றப்பொருளை அறிமுகப்படுத்திவிடுவது முறை. அது 2003ஆம் ஆண்டின் ஃபோர்டு ஐகான், 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 92 குதிரைத்திறன். நான் அதற்கு மூன்றாவது உரிமையாளன். 2012இல் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். இன்று நல்லதொரு மோட்டார் சைக்கிளுக்கே அந்தத் தொகை போதாது. கூரை மூடியிருக்கும், கதவு நான்கு, பின்னால் நெல்மூட்டை வைக்கலாம். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைத்தால் இத்தாலியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செங்கல்பட்டுக்கு வடக்கே மறைமலை நகரில் செய்யப்பட்ட வண்டி அது. 1999 இறுதியில் சந்தைக்கு வந்தபோது விளம்பரங்களில் 'ஜோஷ் மெஷின்' என்றார்கள். அந்தச் சொல்லை நான் வெறுக்கிறேன், வண்டியை விரும்புகிறேன்.

என் வாதம் எளியது. காரோட்டும் இன்பத்தை வேகம், ஓசை, பணம் என்ற மூன்றோடு ஒன்றாக்கிப் பார்ப்பது பிழை. அந்தப் பிழையை விமர்சக நண்பரும் செய்கிறார். எங்கள் ஊர்க் கடைவீதியில் சைலன்சரை அறுத்துவிட்டு உறுமிக்கொண்டு போகும் இளைஞனும் செய்கிறான். ஒருவர் அதனாலேயே வெறுக்கிறார், மற்றவன் அதனாலேயே விரும்புகிறான். இருவருக்கும் இடையே நிற்கும் என்போன்றோர் பாடு திண்டாட்டம்.

*

வாசித்தவன் இயந்திரத்தில் இன்பம் காணலாகாது என்பவருக்கு அவர் வாசித்ததையே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சங்க அகப்பாடல்களில், குறிப்பாக முல்லைத் திணையில், தேர் எத்தனை இடங்களில் வருகிறது? வினை முடித்துத் திரும்பும் தலைவன் பாகனோடு பேசுவதற்கென்றே நம்மிடம் ஒரு துறை இருக்கிறது. அக்காலத்தின் மிக நுணுக்கமான இயந்திரம் தேர். அச்சு, ஆரக்கால், உருள், குடம் என அதன் உறுப்புகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய அகநானூறு 384ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஊர் வந்து சேர்ந்த தலைவன், தேரில் ஏறியது மட்டுமே தனக்குத் தெரியும், வந்த வழி தெரியவில்லை என்று பாகனிடம் வியக்கிறான். காற்றையே குதிரையாக்கிப் பூட்டினாயா, உன் மனத்தையே பூட்டிவிட்டாயா என்று கேட்கிறான். பாடியவர் ஒரு பெண் என்பதையும், பாராட்டு முழுவதும் ஓட்டியவனுக்கே போகிறது என்பதையும் நண்பர் கவனிக்க வேண்டும். தேரின் விலையையோ குதிரையின் சாதியையோ அவர் பேசவில்லை. ஓட்டுவது மனத்தின் தொழில் என்கிறார். இதைவிடத் துல்லியமாக அந்தத் திறனைப் பற்றி எவரும் சொல்லி நான் படித்ததில்லை.

இன்னொன்று, குறுங்குடி மருதனார் பாடியது, அகநானூற்றில் நான்காவது. கார்காலம் தொடங்கிவிட்டது, தலைவன் வந்துவிடுவான் என்று தோழி தேற்றும் பாட்டு. மலர்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலைந்துவிடுமே என்று அஞ்சி, தேரின் மணிகளுடைய நாவை ஒலிக்காதபடி கட்டிவிட்டு வருகிறான் அவன். விரைந்து வருகிறவன்தான், அவள் காத்திருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆயினும் ஓசையை அடக்குகிறான். இந்தப் பாடலை முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் சன்னலுக்கு வெளியே ஏதேனும் ஒரு வண்டி வெடித்துக்கொண்டு போகும். வகுப்பு சிரிக்கும். பாடம் நடத்துவதில் இத்தகைய உதவி அரிதாகவே கிடைக்கிறது.

நவீன உரைநடையில் நிலைமை மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையில் மழையில் நின்ற பெண்ணருகே வந்து நின்ற அந்தப் பெரிய கார், நம் வாசக மனத்தில் இன்றுவரை நின்றுகொண்டேயிருக்கிறது. கார் என்றால் பணக்காரன், பணக்காரன் என்றால் தவறு. அந்தக் காலத்துக்கு அது நியாயமான சமன்பாடு. கார் வைத்திருந்தவர்கள் அத்தகையோரே. ஆனால் அதே தமிழகத்தில், கோயம்புத்தூரில், ஜி.டி. நாயுடு என்பவர் இளவயதில் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஓர் ஆங்கில அதிகாரியிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டினார் என்பதும் நடந்ததே. அந்த ஆர்வத்திற்கு நம் புனைவில் இடம் கிடைக்கவில்லை. பாகனைப் பாடிய மரபு, ஓட்டுநரைக் கைகட்டி நிற்கும் துணைப்பாத்திரமாக்கிவிட்டது. குறை இயந்திரத்தினுடையதா, நம் எழுத்தினுடையதா?

*

'ஏழைக்கேற்ற ஸ்போர்ட்ஸ் கார்' என்பது மேலைநாட்டு இறக்குமதிச் சிந்தனை என்று நினைப்போருக்குச் சென்னையிலிருந்தே ஒரு செய்தி. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு என்ற சிறிய காரைச் செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. 948 சிசி எஞ்சின். முன்பக்க மூடி, இறக்கைகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். எஞ்சினும் முன்சக்கரங்களும் சமையலறை மேடையில் வைத்ததுபோல் கண்முன் விரியும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்து, அங்கே நடுத்தர வர்க்கத்து இளைஞரின் கனவாக இருந்த ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரின் அடிச்சட்டம் வேறெதுவுமில்லை, இதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கியதுதான். ஆக, அந்தக் கனவின் எலும்புக்கூடு வண்டலூரிலேயே வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. பின்னர் அது 1972இல் கெஸல் ஆயிற்று. 1980களின் நடுவில் வந்த ஸ்டாண்டர்டு 2000 தோல்வியுற, ஆலையே ஓய்ந்தது.

என் சிறுவயதில் எங்கள் ஊர் மருத்துவர் ஒருவரிடம் வெளிர்நீல ஹெரால்டு இருந்தது. ஞாயிறுகளில் முன்மூடியைச் சாய்த்துவிட்டு அவரே கையில் எண்ணெயோடு நிற்பார். கம்பவுண்டர் முதல் நாங்கள் வரை சுற்றி நிற்போம். வால்வு இடைவெளியைத் தகட்டுக் கோலால் அளந்து, ஓசையைக் கேட்டு, மறுபடி அளப்பார். நோயாளியின் மார்பில் குழாய் வைத்துக் கேட்கும் அதே முகம். ஒரு காரில் இன்பம் காண்பது என்றால் என்னவென்று நான் முதலில் பார்த்தது அங்கேதான். அந்தக் கார் அப்போது நகரவேயில்லை.

ஹெரால்டையும் ஃபியட்டையும் அறுத்து, எடை குறைத்து, எஞ்சினைச் செப்பனிட்டு ஓட்டியவர்கள் சோழவரத்தில் கூடினார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. கோண்டல் அரச குடும்பத்தார் வெளிநாட்டுப் பந்தயக் காரோடு வருவார், விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் வெயிலில் நின்ற கூட்டத்தில் பெரும்பகுதி பட்டறைக்காரர்களும் மாணவர்களும்தாம். தம் தெருவில் ஓடும் அதே ஃபியட் அங்கே என்ன செய்கிறது என்று பார்க்க வந்தவர்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தடம் அமைந்தபின் சோழவரம் கதையாகிவிட்டது.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது கோவையின் கரிவர்தனை. 1980களின் இறுதியில் அவர் செய்த காரியம் சிக்கனத்தில் ஒரு காவியம். மாருதி 800இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்து, அதை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே வைத்து, குழாய்ச் சட்டத்தில் ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரைக் கட்டினார். பெயர் ஃபார்முலா மாருதி. காய்கறி வாங்கப் போகும் காரின் இதயம்தான். எடை குறைந்ததும் அது வேறொன்றாகிவிட்டது. கோடீசுவரர் அல்லாதவரும் பந்தயம் ஓட்டலாம் என்ற நிலையை இந்தியாவில் உண்டாக்கியது அந்தக் கார். கோவை நரேன் கார்த்திகேயன் அதில்தான் தொடங்கினார். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் அதைக் காணவில்லை. 1995இல் வான்விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நுகர்வுப் பண்பாடு என்றாரே நண்பர், கரிவர்தன் செய்ததில் நுகர்வு எங்கே இருக்கிறது? இருக்கும் ஒன்றை எடுத்துப் புரிந்துகொண்டு, வேண்டாததை நீக்கி, வேறொன்றாக்குவது அது. நம் யாப்பில் அதற்குப் பெயர் உண்டு.

*

எடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் வாதத்தின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை. நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் வண்டி நிற்கிறது, திரும்புகிறது, விரைகிறது. பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னுக்கு ஓடுகிறது, பின்சக்கரங்கள் இலகுவாகின்றன. வளைவில் பாரம் வெளிப்புறச் சக்கரங்களுக்குப் போகிறது. பாரம் எங்கே இருக்கிறது என்பதை ஸ்டீயரிங் வழியாகக் கையும், இருக்கை வழியாக முதுகும் உணர்ந்து, அடுத்ததைச் செய்வதே ஓட்டுதல். எடை குறைந்த வண்டியில் இந்தச் செய்தி உடனுக்குடன் வருகிறது. 40 கிலோமீட்டர் வேகத்திலேயே வருகிறது. எடை கூடிய வண்டியில் அந்தச் செய்தி தாமதமாக, மங்கலாக வருகிறது; ஏதேனும் உணர வேண்டுமென்றால் 120இல் போக வேண்டும். ஆகவே வேகப் பித்தை வளர்ப்பது இரண்டு டன்னை நெருங்கும் இன்றைய பெருவண்டிகளேயன்றிச் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அன்று என்பது என் துணிபு.

ஜப்பானின் மாஸ்தா நிறுவனம் 1989இல் எம்எக்ஸ்-5 என்ற இருவர் காரை வெளியிட்டபோது குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்ற தம் நாட்டுக் கருத்தையே அதற்கு அடிப்படையாகக் கொண்டது. ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நடுத்தரமான எஞ்சின். 2016க்குள் பத்து லட்சம் வண்டிகள் செய்தாயிற்று. இந்தியாவில் அது முறையாக விற்கப்படவேயில்லை. நாமாகச் செய்ததும் உண்டு: 1990களின் இறுதியில் சான் ஸ்டார்ம் என்றொரு சின்னஞ்சிறு திறந்த கார், ரெனோ எஞ்சினோடு கோவாவில் செய்யப்பட்டது. வாங்குவார் இல்லை. இருவர் மட்டும் அமரும் காரை ஐவர் உள்ள குடும்பம் எப்படி வாங்கும்? நம் நாட்டில் மலிவு ஸ்போர்ட்ஸ் கார் என்பது எப்போதுமே குடும்பக் காருக்குள் ஒளிந்திருப்பதுதான். அதைக் கண்டுபிடிப்பதும் ஒரு வாசிப்பு.

அவ்வாறு ஒளிந்திருந்தவற்றுள் நான் ஓட்டிப் பார்த்தவை சில. மாருதி எஸ்டீம்: 1.3 லிட்டர், எடை மிகக் குறைவு, எஞ்சின் பாடிக்கொண்டே சுற்றும். ஆனால் உடல் தகரம், வளைவில் படகுபோல் சாயும். 2001இல் வந்த ஃபியட் பாலியோ 1.6: நூறு குதிரைத்திறன், சச்சின் பெயரில் ஒரு பதிப்புகூட வந்தது. சாலையைப் பற்றிக்கொள்வதில் நான் அறிந்தவரை அதற்கு நிகர் இல்லை. பெட்ரோல் குடிப்பதிலும் இல்லை. 2005இல் வந்த முதல் ஸ்விஃப்ட் இந்த இன்பத்தை முதன்முதலாகத் தெருவுக்குத் தெரு கொண்டுபோய்ச் சேர்த்தது. 2013இன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வேகமானது, நேர்த்தியானது. கியரை அதுவே மாற்றிக்கொள்வதால் எனக்கு அதில் வேலையில்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 2021இல் வந்த ஐ20 என் லைன், 998 சிசியில் 120 குதிரைத்திறன் தருகிறது. எண்ணில் இவை எல்லாவற்றையும் வென்றுவிடும். ஆனால் மின்மோட்டார் உதவும் அதன் ஸ்டீயரிங், சாலை சொல்வதை மொழிபெயர்த்துத்தான் கைக்குத் தருகிறது. என் பழைய ஐகானின் ஸ்டீயரிங் மூலத்தையே தருகிறது. மொழிபெயர்ப்பின் குறை நிறைகளை இவ்விதழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விருத்தாசலம் சமவெளி. மணிமுத்தாறும் வயல்களும்தான், மலை வளைவு என்று ஒன்றில்லை. ஆண்டுக்கு இருமுறை, விடியுமுன் புறப்பட்டு சேலம் வழியே கொல்லிமலைக்குப் போவேன். காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டையூசி வளைவுகள். வேகமானி முப்பதைத் தாண்டுவது அரிது. இரண்டாம் கியருக்கும் முதல் கியருக்கும் இடையே கையும் காலும் பேசிக்கொண்டேயிருக்கும். மேலே செம்மேட்டில் தேநீர் குடிக்கும்போது மனம் நீர் தெளிந்த குளம்போலக் கிடக்கும். இதைத்தான் போதை என்றார்.

*

இனி எதிர்ப்பக்கத்து இளைஞனிடம் வருகிறேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன், அண்ணன் வாங்கிக் கொடுத்த பழைய ஸ்விஃப்ட் ஒன்றைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து காட்டினான். சுருள்வில்லை அறுத்து வண்டியைத் தாழ்த்தியிருந்தான். சைலன்சர் மாற்றம், அகலச் சக்கரம், கண்ணாடியில் வாசகம். இவற்றோடு, புதுச்சேரிக்குப் போய் 'செராமிக் கோட்டிங்' போட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விருத்தாசலத்துப் பிள்ளை செராமிக் வாங்கப் புதுச்சேரிக்குப் போகிறான்! எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் மண்ணைக் குழைத்து 1200 பாகைச் சூளையில் சுட்டெடுப்பது செராமிக். புட்டியில் வருவது வண்ணத்தின் மேல் பூசும் பளபளப்பு. காரில் உண்மையான செராமிக் வேண்டுமென்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அந்த வெள்ளைப் பீங்கான் உறைதான் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கி, ஒவ்வொரு வெடிப்பின் சூட்டையும் தாங்கி நிற்கிறது. அது பளபளக்காது, யார் கண்ணிலும் படாது.

டயரைப் பார்த்தேன். வரிகள் தேய்ந்து வழுக்கையாக இருந்தன.

"இத மாத்துப்பா முதல்ல" என்றேன்.

"அடுத்த மாசம் மாத்திடுவேன் சார். நீங்க மட்டும் வண்டிய மாத்தி வச்சிருக்கீங்க, எங்கள மட்டும் திட்டுறீங்களே?"

நியாயமான கேள்வி. விடையைச் சொல்வதற்குள் அவனுக்கு அனுபவம் சொல்லிவிட்டது. மங்கலம்பேட்டைச் சாலையில் உளுந்து காயப்போட்டிருந்தார்கள். (சாலையில் தானியம் காயவைப்பது சரியா என்பது வேறு விவாதம், காயவைப்பார்கள் என்பது தெரிந்த செய்தி.) தூறல் வேறு. பிரேக் பிடித்தான்; அறுத்த சுருள்வில், வழுக்கை டயர், உருளும் உளுந்து. வண்டி பக்கவாட்டில் வழுக்கி வாய்க்காலில் இறங்கிற்று. யாருக்கும் அடியில்லை. உளுந்துக்காரப் பெரியம்மா அரைப்படி உளுந்துக்கும் கணக்குச் சொல்லி, அழுதுகொண்டே திட்டினார். நான் போய் நின்று பேசி, அவன் பணம் கொடுத்தான். குழலுக்கும் பூச்சுக்கும் அவன் செலவிட்டதில் நான்கு நல்ல டயர்கள் வாங்கி மீதியும் இருந்திருக்கும். சுந்தரர் எங்கள் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். அவருக்கு இறைவன் துணை இருந்தான். ஓசையில் போட்ட பணத்தை வளைவில் எடுக்க முடியாது.

நான் என் வண்டியில் செய்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே அளவில் நல்ல டயர்கள். புதிய ஷாக் அப்சார்பர்கள். லோயர் ஆர்ம் புஷ்கள் அனைத்தும் மாற்றம். தரமான பிரேக் பேடுகள், இரண்டாண்டுக்கொருமுறை பிரேக் ஆயில். எத்தனால் கலப்பு மிகுந்தபின் பெட்ரோல் ரப்பர்க் குழாய்கள். வீல் அலைன்மென்ட். இருக்கையை ஒரு விரற்கடை முன்னுக்குத் தள்ளியது. இவ்வளவே. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு முன் வைத்திருந்தவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் ஏதாவது மாத்தினீங்களா சார்?" என்று கேட்டார். மாற்றவில்லை, இருபது ஆண்டுத் தேய்மானத்தை நீக்கினேன். ஏடு பெயர்த்தெழுதுவோர் சேர்த்த பிழைகளை நீக்குவதைப் பதிப்பு என்கிறோம், புதுநூல் என்பதில்லை.

இவ்விடத்தில் சட்டத்தின் மீதும் எனக்குக் குறையுண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தால், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். நோக்கம் நல்லதே, கடைவீதியில் நின்று பார்த்தால் தேவையும்கூட. ஆனால் அறுத்த சைலன்சரும், முன்னிலும் விரைவாக நிறுத்தும் பெரிய பிரேக் வட்டும் அந்தச் சொல்லமைப்பில் ஒரே கூண்டில் நிற்கின்றன. செர்மனியில் உறுப்பை மாற்றியவர் தேர்வு நிலையத்துக்கு எடுத்துச்சென்று, பொறியாளர் சோதித்து, ஏற்கத்தக்கதானால் ஆவணத்தில் பதிந்து தருகிறார்கள். இங்கே மாணவனின் வழுக்கை டயரை யாரும் சோதித்ததில்லை. கரிவர்தனின் வழியில் ஒரு பையன் இன்று பட்டறையில் எதையாவது முயன்றால், பந்தயத்தடத்துக்கு வெளியே அவன் குற்றவாளி. அவனுக்குக் கதவைத் திறந்து, வெடிக்கும் குழலுக்கு மட்டும் மூட முடியாதா?

*

என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. அதை நண்பர் கண்டுபிடிக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். என் காரில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. 2014இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு ஆல்டோ, ஐ10, நானோ, ஃபிகோ, போலோ ஆகிய இந்தியக் கார்களின் ஏர்பேக் இல்லாத வடிவங்களைச் சுவரில் மோதிச் சோதித்தபோது ஐந்துக்கும் நட்சத்திரம் சுழியம். அதற்கும் பத்தாண்டு முந்தைய என் வண்டி எந்த நிலையில் இருக்கும் என்பதைக் கணிக்க மேதை தேவையில்லை. எடை குறைவு என்று நான் கொண்டாடுவதில் ஒரு பகுதி, மோதினால் காக்க வேண்டிய இரும்பு இல்லாமைதான். நன்றாக ஓட்டினால் மோதாது என்று வாதிடலாம். எதிரே வருபவனும் நன்றாக ஓட்ட வேண்டுமே.

என் துணைவியார் ஓர் ஆண்டாக அந்தக் காரில் ஏறுவதில்லை. மகளையும் ஏற விடுவதில்லை. "நீங்க தனியா கொல்லிமலைக்குப் போய்ட்டு வாங்க, பாப்பா அதுல வரவேணாம்" என்பது தீர்ப்பு. மேல்முறையீடு செய்ய என்னிடம் வாதமில்லை. மகளுக்குப் பதினான்கு வயது. கியர் மாற்றும் ஓசையைக் கேட்டே எத்தனையாவது கியர் என்று சொல்வாள். அவள் பதினெட்டு நிறைந்து ஓட்டக் கற்கும்போது கிளட்ச் உள்ள கார் விற்பனையில் இருக்குமா என்பதே ஐயம். என் காரில் கற்றுத்தர அனுமதி கிடைக்குமா என்பது அதைவிட ஐயம்.

மறைமலை நகரில் 2022இல் கார் உற்பத்தி நின்றுபோனது. உதிரிப்பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையை நம்பியிருக்கிறேன். பதிவுப் புதுப்பிப்பு 2028இல் வருகிறது. பதினைந்தாண்டு கடந்த காருக்கு 600ஆக இருந்த கட்டணம் 2022இல் 5,000 ஆயிற்று. இருபது கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 என்றார்கள். கட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த கூட்டம் நெய்வேலியில் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. விமர்சக நண்பர் கடலூரிலிருந்து பேருந்தில்தான் வருவார். திரும்பும்போது நான் கொண்டுபோய் விடுகிறேன். சன்னலை இறக்கிவிட்டு, ஐம்பதைத் தாண்டாமல், வடலூர் வழியே. அவர் முன்னிருக்கையில் அமர்ந்து எதிர்வினையைச் சொல்லலாம். வண்டியில் பேச்சு நன்றாகவே கேட்கும்.